டின்னுக்கு ஒரு கரண்டி

தாணுமாலையன் அண்ணாச்சி களவாண்டதைப் பிரிஸில்லா தன் ரெண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

டிசம்பர் இருபத்துநாலு, மத்தியானம். பாளையங்கோட்டையில் அந்தத் தெருக்காரர்கள் கேக்குக்கு மாவை வீட்டிலேயே அடிப்பார்கள். டின்னில் ஊற்றி, மூடியில் பேர் எழுதி ஒட்டி, அண்ணாச்சியின் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பின்கட்டில் இருக்கிற பெரிய அடுப்பில் வைத்து அவர் சுட்டுக் கொடுப்பார். வருசா வருசம் நடக்கிறதுதான்.

போன வருசம் பிரிஸில்லா வீட்டில் பத்து முட்டை. இந்த வருசம் நாலு. அப்பா வேலை பார்த்த பேட்டைப் பட்டறையை ஐப்பசியில் மூடிவிட்டார்கள். முந்திரி கிடையாது, கிஸ்மிஸ் கிடையாது. டின்னுக்குள் ரெண்டு விரல் உயரத்துக்கு மாவு கிடந்தது, அவ்வளவுதான்.

அம்மா பியூலா கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணிவிட்டு டின்னை மூடினாள். நூலால் ரெண்டு சுற்றுச் சுற்றினாள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டாவது கொடுக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கவலை. வழியில் யார் கேட்டாலும் திறந்து காட்டாதே என்று நாலு தடவை சொல்லித்தான் மகளை அனுப்பினாள்.

பிரிஸில்லா பத்தாவதில் கணக்கில் பெயிலாகி, பள்ளிக்கூடத்தை விட்டவள். நிற்க நேரம் இருந்தது. டின்னைக் கொடுத்த கையோடு திரும்பாமல் பின்கட்டு வாசலிலேயே நின்றாள். இருக்கிறதே ரெண்டு விரல் மாவு. அதில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

நெற்றி நிறைய விபூதியோடு அண்ணாச்சி ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். டாக்டர் வீட்டு டின்னில் ஒரு கரண்டி எடுத்தார். டீச்சர் வீட்டு டின்னில் ஒரு கரண்டி. அப்பாத்துரை சார் வீட்டு டின்னைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பொடித்துப் போடுகிறது அந்தத் தெருவிலேயே அந்த ஒரு வீடுதான். அதிலும் ஒரு கரண்டி. எல்லாம் ஓரத்தில் இருந்த அலுமினியச் சட்டிக்குள் போனது.

"அண்ணாச்சி, சட்டியில என்னது?"

அவர் திரும்பினார். கரண்டியை மறைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மாவும்மா."

"யாரு வீட்டு மாவு?"

அவர் அடுத்த டின்னின் மூடியைத் திறந்தார்.

அவ்வளவுதான், பிரிஸில்லா கடை முன்னால் வந்துவிட்டாள். வரிசையில் நின்ற ஏழு பேரிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டின்னுக்கு ஒரு கரண்டி என்றால் நாற்பது டின்னுக்கு எவ்வளவு, அதைச் சுட்டு நமக்கே விற்பார், விபூதி பூசினால் மட்டும் போதுமா என்று கேட்டாள். பண்டிகை மாவில் கை வைக்க எப்படி மனசு வருகிறது என்றும் கேட்டாள்.

ஒரு அம்மா தன் முந்தானையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வேதக்கோயில் கமிட்டியில் இருக்கிற அப்பாத்துரை சார் மட்டும் பின்கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதபாடம் எடுத்தவர். நியாயம் கேட்கப் போகிறார் என்று பிரிஸில்லா பக்கத்தில் போய் நின்றாள்.

"என் டின்ல எடுத்தாச்சா வே?"

"ஒரு கரண்டி எடுத்தேன் சார்."

"ரெண்டா எடுத்துக்கிடும்."

ஊரே சேர்ந்து கள்ளனுக்கு ஏணி பிடிக்கிறதா? அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"சார், பத்துக் கட்டளையில எட்டாவது, களவு. நீங்க சொல்லிக்குடுத்ததுதான். அதை அவருகிட்ட சொல்லுங்க."

"எட்டோட நிறுத்திட்டியே பிள்ள. ஒம்பதாவது, பொய்ச்சாட்சி. அதையும் சேத்துப் படி."

"நான் பொய்யா சொல்லுதேன்? கண்ணால பாத்தேன்."

சார் வெளியே போய்விட்டார். பிரிஸில்லா அண்ணாச்சியிடம் திரும்பினாள். யார் வீட்டு மாவை வேண்டுமானாலும் எடுங்கள், எங்கள் டின்னில் கரண்டி பட்டால் நான் பொல்லாதவளாகிவிடுவேன் என்றாள்.

"உங்க டின்லருந்து ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்ம்மா. நெல்லையப்பர் மேல சத்தியம்."

சாயங்காலம் அவர் டின்னைத் துணியால் பிடித்து, அதே நூலால் கட்டிக் கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள்.

வீட்டுப் படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் ஒரு விசயம் சொல்லப் போகிறேன், அடுத்த வருசம் அந்தக் கடைக்கு ஒரு டின்கூடப் போகாது, அண்ணாச்சி உட்கார்ந்து ஈ ஓட்டட்டும் என்றாள்.

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு தேறுமா தேறாதா என்றுதான் அவள் மனசு ஓடியது. நூலை அவிழ்த்தாள். மூடி லேசில் வரவில்லை. இழுத்துத் திறந்தால், கேக் விளிம்பைத் தாண்டி நின்றது. மேலே முந்திரி தெரிந்தது.

அம்மா நெஞ்சில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

"ஜெபம் பண்ணித்தான்ட்டி மூடுனேன்."

பிரிஸில்லா அந்த முந்திரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோயில் வாசல்ல என்னமோ சொல்லணும்னியே, என்னட்டி சொல்லப்போற?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கத்தியை இறக்கினாள்.

ஆரஞ்சுத் தோல் வாசம் குப்பென்று அடித்தது.