தகர ரோபோவின் இடது கால்

“இந்த ரோபோ நொண்டுதும்மா, மாத்திக் குடு. இன்னிக்குப் பேத்திக்குப் பொறந்தநாள். இதுக்காகவே காட்டூர்லேருந்து திரும்ப வந்திருக்கேன்” என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பொம்மைக்கடையில் கெஞ்சினார் ஸ்டீபன்ராஜ்.

விற்பனைப் பெண் சுப்ரஜா சிரித்தாள். “எல்லாமே இப்படித்தாங்கய்யா நடக்கும். முப்பது வருஷம் முன்னாடி நம்ம கடை வாசல்ல ஒரு தகர ரோபோ நடந்துக்கிட்டே பிள்ளைங்களுக்குக் கை குடுக்குமாம். இடது காலை இழுக்குமாம். அது ஞாபகமா முதலாளி புது மாடல்லயும் அப்படியே வச்சிருக்காரு. நல்ல மோட்டாராம், ஒருநாள்கூட நின்னதில்லையாம்!”

“மோட்டார் ஏதும்மா? தகரத்துக்குள்ள வெந்தது நான்தான். ‘காலை ஒழுங்கா வைய்யா’ன்னு தினமும் திட்டினவரும் இதே முதலாளிதான்!”

சுப்ரஜா அவசரமாக வேறு மாடல் பொம்மை ஒன்றை எடுத்தாள்.

“மாத்த வேணாம், இதையே குடும்மா. பேத்திகிட்ட ‘இதுதான் தாத்தா’ன்னு சொல்லிக்கிறேன்.”

பொம்மையோடு, இடது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினார் ஸ்டீபன்ராஜ்.