தார்த் தரையில் விழுந்த ஜெபப் புத்தகம்

புரூக்ளினில் எங்கள் யூதப் பெண்கள் பள்ளியைக் கொரோனாவால் பூட்டி மூன்று மாதமாகிறது. இன்று முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரவர் பெயர் பொறித்த முதல் ஜெபப் புத்தகத்தைக் காருக்கே வந்து தருகிறார்கள். யாரும் இறங்கக் கூடாது. வெயிலில் கார்கள் ஊர்கின்றன. எங்களுக்கு முன்னால் உள்ள காரில் என் மகளின் வகுப்புத் தோழி கிட்டல், விழாவுக்குச் செய்த அட்டைக் கிரீடத்தோடு சன்னல் வழியே இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறாள். அவள் அப்பா கொரோனாக் காய்ச்சல் தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது. மற்ற பிள்ளைகளுக்குக் கையால் கொடுத்த நிர்வாகி பெர்ல் அம்மாள், இவளுக்கு மட்டும் குப்பை பொறுக்கும் இடுக்கியால் நீட்டுகிறார். புத்தகம் நழுவித் தரையில் விழுகிறது. "கையை உள்ள இழு! உங்க வீட்டுக் காத்தே வேணாம்!" இடுக்கியாலேயே அதை ஓரமாகத் தள்ளுகிறார். "கிளம்புங்க, வேற ஒண்ணு தபால்ல வரும்." விழுந்த புனித நூலை எடுத்து முத்தமிட எங்கள் குழந்தைகள் பேசும் முன்பே பழகிவிடுகிறார்கள். "அம்மா, அதுக்கு யாரும் முத்தம் குடுக்கலையே!" என்று கிட்டல் தேம்புகிறாள். ஆசிரியை சீசல் ஓடி வந்து குனிகிறாள். "தொடாதடி, பைத்தியமா உனக்கு?" "இருந்துட்டுப் போறேன் பெர்லம்மா." முகக்கவசத்தை இறக்கி, புழுதியைத் துடைத்து, முத்தமிட்டுக் கிட்டலின் கைகளில் வைக்கிறாள். அடுத்தது எங்கள் கார். பெர்ல் அம்மாள் சிரித்தபடி வெறுங்கையால் புத்தகத்தை நீட்டுகிறார். என் மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "எனக்கு சீசல் டீச்சர் குடுக்கட்டும்."