மெதுவா ஓடுற ஆளு

"காக்கா புடிக்கப் போயிட்டா பாருங்கண்ணா" என்றாள் இலக்கியா.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேனேஜர் ஞானசேகரனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் ரேகா. பேசுவது வெளியே கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள யாருன்னு சொல்லணுமாம். அதான் முந்திக்கிச்சு" என்று பக்கத்து சீட் பூவராகன் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான்.

விஷயம் இதுதான். சிதம்பரம் மேலவீதியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது இவர்கள் ஆபீஸ். ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு ஃபுட்பால் கிளப் தன்னுடைய பயிற்சி ஆட்ட வீடியோக்களை இங்கே அனுப்பும். யார் எப்படி ஓடினான், எப்படிப் பிடித்தான், எங்கே கோட்டைவிட்டான் என்று இவர்கள் பார்த்து மார்க் போட வேண்டும். அதை வைத்துத்தான் புது சீசனுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழட்டிவிடுவது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை இது. பந்தே பண்ருட்டி பலாக்கொட்டை மாதிரிதான் இருக்கும். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கோல் கம்பத்தை விட்டுக் கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும், போகட்டும் பாவம் என்று ஒரு பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள்.

ஆபீஸுக்கு அந்தத் தாராளம் கிடையாது. புது சீசனுக்கு ஒரு சீட்டைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. கான்ட்ராக்ட் முடிவது இரண்டு பேருக்கு. இலக்கியாவா, ரேகாவா? ஞானசேகரன்தான் சொல்ல வேண்டும்.

இலக்கியா சிசேரியன் ஆகி, பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் வந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். முன்னே மாதிரி வேலை ஓடவில்லை. வீட்டுக்காரருக்கோ கம்பெனியை மூடிவிட்டார்கள். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

ரேகா வேலையில் படு வேகம். கடலூர் முதுநகரிலிருந்து ரயிலில் வருகிறவள். அப்பா இடுப்பு வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதால் அவளுக்கும் இந்த வேலை வேண்டும்தான்.

"வந்த புதுசுல இவளுக்குப் பந்து எந்தப் பக்கம் போவுதுன்னே தெரியாதுண்ணா. நான்தான் பக்கத்துல உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுத்தேன். நன்றி கெட்டவ."

"இந்தக் காலத்துல யாரை நம்புற, சொல்லு" என்றான் பூவராகன்.

உள்ளே ரேகா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒரு பிளேயர் விஷயத்துல குழப்பம். நீங்கதான் சொல்லணும்."

ஞானசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் போதும், அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"கேளும்மா."

"ஆளு ஆறு மாசம் வெளிய இருந்துச்சு சார். ஆபரேஷன்."

"முட்டியா இருக்கும். இந்த ஆட்டத்துல அதுதான் மொதல்ல போவும்."

ரேகா முட்டிக் கதையை அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள்.

"இப்பத் திரும்பி வந்திருக்கு. வேகம் கம்மி. ஆனா தப்பே கெடையாது சார். புதுசா வர்றவுங்களுக்குப் பொறுமையா சொல்லிக் குடுக்கிறதும் அந்த ஆளுதான்."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அதே எடத்துக்கு இன்னொரு ஆளும் இருக்கு. வேகம் ஜாஸ்தி. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருக்க முடியும். யாரை வெச்சுக்கிறது?"

"இதுல என்ன குழப்பம்? மெதுவா ஓடுற ஆளைத்தான் வெச்சுக்கணும்."

"வேகம் இல்லியே சார்."

"வேகம் ரெண்டு மூணு மாசத்துல தன்னால வந்துரும். அவஸ்தப்பட்டுத் திரும்பி வந்தவனை வந்த ஒடனே தொரத்திவிட்டா அதுக்குப் பேரு கிளப்பா? குறி தப்புனவனுக்கே ஒரு பாயிண்ட் குடுக்குற ஆட்டம்மா இது. மனசாட்சி உள்ளவன் எவனும் அவனை அனுப்ப மாட்டான்."

"அப்ப அந்த வேகமா ஓடுற ஆளு?"

"அவனுக்கென்ன? எங்க போனாலும் அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க."

ரேகா துப்பட்டா நுனியை விரலில் சுருட்டினாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

"நெஜமாவா சார்? அள்ளிக்கிட்டுப் போவாங்களா?"

"நான் சொல்றேன்ல."

"அப்ப இப்பிடியே முடிவு பண்ணிடலாமா? அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"ஞானசேகரன் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தார். ரேகாவும் சிரித்தாள்.

வெளியே இலக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள்.

"பாருங்கண்ணா, சிரிச்சுச் சிரிச்சே என் சோத்துல மண்ணைப் போடுறா."

உள்ளே ஞானசேகரன் பேனாவைத் திறந்தார்.

"பேரைச் சொல்லும்மா, கிளப்புக்கு நானே மெயில் போட்டுடுறேன். யாரு அந்த மெதுவா ஓடுற பிளேயர்?"

"கிளப்புக்கு வேணாம் சார், நம்ம ஆபீஸ்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னை மொறைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் மெதுவா ஓடுற ஆளு" என்றாள் ரேகா. "வேகமா ஓடுற ஆளு நான்."