துடைப்பம் தாண்டும் கல்யாணம்

டென்னஸி வெயிலைவிட நான் தூக்கிப் பிடித்திருக்கும் படப்பிடிப்பு விளக்கு அதிகமாகச் சுடுகிறது. அந்தக் காலத்து அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் காதல் கல்யாணத்தைப் படமெடுக்கிறார்கள், முத்தமெல்லாம் எடுத்தாயிற்று. இப்போது அவருடைய அடிமைகளின் கல்யாணம். எங்கள் கறுப்புச் சனத்து வெர்லீனும் அவள் புருஷன் ஓட்டிஸும் தரையில் கிடக்கும் துடைப்பத்தைக் கைகோத்துத் தாண்ட வேண்டும்; அடிமைகளுக்கு அதுதான் கல்யாணச் சடங்கு. "தடுக்கி விழும்மா, கொட்டகையே சிரிக்கணும்" என்கிறார் உதவி இயக்குநர். "அன்னிக்கு எங்களுக்குக் கல்யாணப் பத்திரம் யாருங்க குடுத்தா? இந்தத் துடைப்பந்தான் சாட்சி" என்கிறாள் வெர்லீன். "நீ விழலேன்னா வேற ஒருத்தி வருவா." "வரட்டும் சார். அவளும் எங்க சனந்தான்." கேமரா ஓடுகிறது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுகிறாள். புழுதி எழுகிறது. துடைப்பத்தில் ஒரு துரும்புகூட அசையவில்லை. "மறுபடியும்" என்று அவர் கத்துகிறார். அவள் மறுபடியும் புருஷன் கையைப் பிடிக்கிறாள்.