மருமகளுக்குக் கெண்டைப்பொடி

ஞாயிற்றுக்கிழமை. சேலையூரில் ஹஃபீசா வீட்டு விரால் குழம்பு மூன்று மாடிக்கும் மணத்தது. கீழ்வீட்டு ரத்தினபாய் டீச்சருக்கும் அன்று அங்கேதான் சாப்பாடு.

டீச்சருக்கு நடுத்துண்டு விழுந்தது. மகன் ஜாகிருக்குத் தலை.

ஐந்து மாதக் கர்ப்பிணி மருமகள் ரூக்சார் தட்டை நீட்டினாள். ஹஃபீசா வேறொரு சட்டியிலிருந்து பொடிசு பொடிசாய்க் கெண்டைகளை அள்ளி வைத்தாள்.

"எனக்கு விரால் கிடையாதா மாமி?"

"தீர்ந்துபோச்சும்மா."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க!"

தீரவில்லை. விரால் சட்டியில் துண்டுகள் மிதப்பதை டீச்சர் பார்த்துவிட்டார். பாதிச் சோற்றிலேயே எழுந்தார். கை கழுவும் சாக்கில் சமையலறைக்குள் போனார்.

"ஹஃபீசா, புள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேக்குறா. நீயா இப்படி?"

ஹஃபீசா கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுங்க டீச்சர். மத்த மீனைத் தின்னு வளர்ற பெரிய மீன்ல பாதரசம் சேருமாம். வயித்துப் புள்ளையோட மூளைக்கு ஆகாதாம். சின்ன மீன் சாப்பிடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அதை அவகிட்டயே சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்வேன்? ஒடம்புக்குத் தெம்புன்னு மசக்கையிலேர்ந்து வாராவாரம் விரால் ஆக்கிப் போட்டதே நான்தான். சாப்பிட்டதுக்குப் பயப்பட வேணாம், ஸ்கேன் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா இவ பயந்து தூங்கவே மாட்டா. கஞ்சப் பிசினாறின்னு என்னை நெனச்சா நெனச்சுட்டுப் போறா."

"விராலே வாங்காம இருந்திருக்கலாமே?"

"திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வந்துடுமே!"

டீச்சர் கிளம்பும்போது ரூக்சார் படிவரை வந்தாள்.

"மாமி மேல வருத்தப்படாதம்மா. அவங்க..." டீச்சர் வார்த்தை தேடினார்.

ரூக்சார் சிரித்தாள்.

"பாதரசம்தானே டீச்சர்? டாக்டர் எனக்கும் சொல்லிட்டாங்க. மாமிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. எனக்காகத் தாம்பரம் மார்க்கெட் முழுக்கத் தேடி விரால் வாங்கினவங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுதுடுவாங்க."

"அப்புறம் எதுக்குடி விரால் விரால்னு கேக்குற?"

ரூக்சார் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"திடீர்னு கேக்காம இருந்தா, சந்தேகம் வந்துடுமே!"