‘காய்ச்சினால்’ எங்கே?

ஆகஸ்டு 9. சுகாதார அலுவலக அறிவிப்பொன்றில் ‘செய்தால்’ என்னும் நிபந்தனை எச்சத்தை வெட்டியிருக்கிறார்கள், இது பொறுக்கத்தக்கதன்று.

நோய்ப்பரவலைக் கணினியில் கணித்துச் சொல்லும் அம்மையார், அச்சுக்குப் போகவிருக்கும் தாளைச் சன்னல் வெயிலில் பிடித்தபடி நிற்கிறார். “இரண்டு வாரங்களில் வாந்திபேதி அடங்கும்” என்கிறது தாள். அதற்கு முன்னே “எல்லாரும் குடிநீரைக் காய்ச்சினால்” என்று அவர் எழுதியிருந்த பகுதியைக் காணோம். மேசைமீது கணினித் திரை ஒளிர்கிறது. காய்ச்சினால் சரியும் நீலக்கோடும், காய்ச்சாவிட்டால் செங்குத்தாய் ஏறும் சிவப்புக்கோடும் ஒரே புள்ளியிலிருந்து பிரிகின்றன. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. “இடம் பத்தலைம்மா. குதிரை அப்படியே இருக்கு, சேணத்தைத்தான் கழட்டினேன்” என்று சிரிக்கிறார் விளம்பர அதிகாரி. “நீங்க கழட்டினது கடிவாளம் சார். அதுவா அடங்கிடும்னு படிச்சா, எவன் சார் அடுப்பைப் பத்தவைப்பான்?” சிரிப்பு நிற்கிறது. “பெரிய ஆபீசர் கையெழுத்தே போட்டாச்சும்மா, குடுங்க” என்று கை நீட்டுகிறார். அம்மையார் தாளைக் கொடுக்கவில்லை. இரண்டாய் மடிக்கிறார், நான்காய் மடிக்கிறார். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

வாசகரே, எவர் வந்து “அடங்கும்” என்று முற்றாகச் சொன்னாலும், “என்ன செய்தால்?” என்று கேளுங்கள்; கேட்டுவிட்டு, முதலில் நீரைக் காய்ச்சுங்கள்.