சேவலுக்கு மூன்றாவது அலகு

மேலலகு உடைந்த சேவலைத் தூக்கிக்கொண்டு ரெஜினா அக்கா என்னிடம் வந்தாள். பல்செட் லேபில், ஒளிபட்டால் இறுகும் பிசினில் பற்களை 3D பிரிண்டரில் அடுக்கடுக்காக அச்செடுப்பவன் நான். அவளுக்கு அதுவே டாக்டர் பட்டம். நான் அச்செடுத்து ஒட்டிய முதல் அலகு, தரையைக் கொத்தியதும் உடைந்தது. வலுவுக்குக் கண்ணாடித்தூள் கலந்தேன். ஆர்வக்கோளாறில் அள்ளிப் போட்டுவிட்டேன். தூள் ஒளியை உள்ளே விடவில்லை. அடுத்த அலகு வெளியே கல், உள்ளே கஞ்சி. மாட்டியதும் தொங்கிவிட்டது.

"ஒன் டாக்டரு சேவலுக்கு மீச வெச்சுட்டாருடி," என்றார் அக்காவின் கணவர் அந்தோணி. "ஞாயித்துக்கெழம கொழம்புதான்."

"தம்பி, அது தானா தின்னாத்தான் இவரு விடுவாரு," என்றாள் அக்கா. அவள் ஊட்டி ஊட்டித்தான் அது உயிரோடிருந்தது.

தூளைக் குறைத்தேன், ஒவ்வொரு அடுக்குக்கும் கூடுதல் நேரம் ஒளி காட்டினேன். புது அலகோடு இறக்கிவிட்ட சேவல், சிந்திக்கிடந்த கம்பு மணிகளைச் சுற்றிச்சுற்றி நடந்தது. கொத்தவில்லை. அக்கா முந்தானையைத் திருகினாள். நான் நகத்தைக் கடித்தேன்.

அந்தோணி அண்ணன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் குந்தி உட்கார்ந்து, விரல் நுனியால் கம்பைத் தட்டினார்.

"டொக்கு, டொக்கு. இப்பிடிடா, ராசா."